நாற்பத்தேழாம் கல்

முப்பத்தொன்பதாம் கல்லை நட்டது
மரவள்ளிக்குள்.
அலவாங்குக்குக் கிழங்கு தட்டிற்று.
நசூர்தீன் காக்கா ஒன்றும் பேசவில்லை.
நாலைந்தைப் பிடுங்கி
ஜீப்புக்குள் போட்டார்:
"குளத்துக்குள்ள விளைஞ்சதாம், மிஸ்.
கொண்டுபோய் அவிச்சுத் தின்னுங்க."

கந்தோர் வரைபடத்தில் நீலமாய்க் கிடக்கும்
பனிச்சம்பெருங்குளம்
இங்கே பாதி ஆற்றுவாழை, மீதி வயல்.
தண்ணீர் எங்கே தொடங்குகிறதென்று
கொக்குகளுக்கே ஐமிச்சம்.

சொன்னால் இலகுவான வேலைதான்.
வான் மட்டத்தில் ஒரு கோடு.
இருநூறு மீற்றருக்கு ஒரு கல்.
கோட்டுக்கு உள்ளே எல்லாம் குளம்;
புழுதி பறந்தாலும் குளம்.
வர்த்தமானி அதை மூன்று மொழியில் சொல்லும்.
ஆட்கள் மூன்று மொழியிலும் ஏசுவார்கள்.

நாற்பத்திரண்டில் செங்கல் சூளை.
சூளைக்காரரின் மச்சான் கொழும்பில் பெரிய இடமாம்.
நான் கருவியை நிமிர்த்தும்போதே
போன் அடித்தது.
முக்காலி ஆடவில்லை.
என் இரண்டு காலும் ஆடின.
நட்டோம்.

நாற்பத்துநான்கில் விமலதாசவின் வாடி.
வாடியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
"கல் நட்டா மீன் வருமா?"
வண்டலை அள்ளினால், என்றேன்.
மேலே காட்டை விட்டுவைத்தால்,
வயலில் கழுவிய உரம்
நேரே வந்து விழாமல்
கரையில் நாணல் வளர விட்டால்,
ஆறு வருடம், ஏழு வருடம்.
வலைக்கண்ணுக்குள் விரலை விட்டு எண்ணினார்.
"அப்ப என்ட வலைக்கு இல்ல"
என்று சிரித்துவிட்டு
கல்லின் மறுபக்கத்தைத் தூக்கக் கை கொடுத்தார்.

நாற்பத்தாறு
எருமைகள் படுக்கும் சேற்றில்.
அவை மட்டும் ஆட்சேபிக்கவில்லை.

பிறகுதான் நாற்பத்தேழு.

கோடு நேரே போய்
எங்கள் திணைக்களத்தின் விருந்தினர் விடுதிக்குள் நுழைந்தது.
சாப்பாட்டு மேசைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் இடையில்.
பணிப்பாளர்கள் வந்தால்
பொரித்த திலாப்பியா வைக்கும் மேசை.
நானும் இரண்டு தரம் முள் எடுத்திருக்கிறேன்
அந்த மேசையில்.

புவிராஜ் சங்கிலியைக் கீழே வைத்தான்.
"மிஸ், இதைக் கொஞ்சம் வளைப்பமா?"

ஏழு மீற்றர்.
வரைபடத்தில் முக்கால் மில்லிமீற்றர்கூட இல்லை.
பென்சிலை அழுத்திப் பிடித்தாலே
அவ்வளவு தடிப்பு வரும்.

திரும்பினேன்.
வாசலில் ஒரு சைக்கிள்.
அதன் பிடியைப் பிடித்தபடி நசூர்தீன் காக்கா.
பின்னால் சூளைக்காரர், கைகட்டி.
அவருக்கும் பின்னால் இன்னும் ஆட்கள்.
எட்டுக் கல் தூரம் சும்மாவா வந்திருப்பார்கள்?

தரை சீமெந்து. கல் இறங்காது.
சிவப்பு மை எடுத்து
முழந்தாளில் இருந்து எழுதினேன்:
47.
காவலாளி ஓடிவந்து
மேசைவிரிப்பை மட்டும் உருவிக்கொண்டு போனார்,
மை படும் என்று.

ஒருவரும் கைதட்டவில்லை.
"அப்ப எனக்குக் காணி எங்க?" என்றார் காக்கா.

படிவத்தில் ஒன்பதாம் நிரல்: மாற்றுக்காணி.
வழக்கமாய் ஒரு சின்னக் கோடு இழுத்து
அடுத்த பக்கம் போய்விடுவோம்.
அன்று அதில் அவர் பெயரை எழுதினேன்,
மரவள்ளி எத்தனை பேர்ச் என்பதையும்.
கையொப்பம் வைத்தேன்.
இடமாற்றக் கடிதத்திலும்
இதே போன்றொரு கையொப்பம் வரலாம்.

உப்புவெளியில் குழாய்
இரவு பத்துக்குத்தான் இருமத் தொடங்கும்.
அந்தக் குளத்துத் தண்ணீர்தான்
முப்பது கிலோமீற்றர் கடந்து
பாசி வாசத்தோடு வாளிக்குள் விழுகிறது.
கிழங்கை அதில் அவித்தேன்.
நடுவில் கொஞ்சம் வேகவில்லை.
தின்றேன்.

இன்னும் அறுபத்தைந்து கல் மிச்சம்.
ஐப்பசியில் மழை வரும்,
என் கோட்டைச் சரிபார்க்க.