பச்சை வயர்

உப்புவெளியில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்,
இரும்பு இங்கே ஆறு மாதத்துக்கு மேல்
சொன்ன சொல் கேளாது.
கேற் கொளுக்கி, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின்
எல்லாவற்றையும் கடல் கைவைத்துப் பார்க்கும்.
சுவிட்ச் பெட்டிக்குள்ளும் வருமென்று
நான் நினைக்கவில்லை.

முதலில் பிரிட்ஜ் கதவு சுள்ளென்றது.
ரப்பர் செருப்போடு திறக்கப் பழகினோம்.
பிறகு குளியலறைக் குழாய்.
அதற்கும் செருப்பு.
வீட்டுக்குள்ளும் செருப்போடு திரிகிற எங்களை
வந்தவர்கள் பெரிய இடம் என்று நினைத்தார்கள்.

கட்டாரிலிருந்து இவர் வட்ஸ்அப்பில்:
"தெரிஞ்ச பெடியன் ஆரையும் பிடியுமன்.
டேப் சுத்தினாச் சரி."
தெரிந்த பெடியன்கள் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள்.
ஒருவன் பியூசுக்குப் பதில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகினான்.
ஒருவன் டேப் வாங்கிவரச் சொல்லி
மிச்சத்தைக் கொண்டுபோனான்.
மூன்றாமவன் நல்ல பிள்ளை.
தனக்குத் தெரியாது என்றான்.

ஆகவே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டேன்.
கிண்ணியாவிலிருந்து, பாலம் கடந்து,
மோட்டார் சைக்கிளில் ஏணியோடு
நிஹ்மத்துல்லா.
லைசென்ஸைக் காட்டுங்கள் என்றேன்.
கேட்டுவிட்டு முகம் சுட்டது எனக்கு.
அவருக்குச் சுடவில்லை.
பேர்சிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் நீட்டி
"திகதியையும் பாருங்க" என்றார்.

அன்று எதையும் திருத்தவில்லை.
மெயினை நிறுத்திவிட்டு அறை அறையாக நடந்தார், எழுதினார்.
பெட்டியைத் திறந்தால்
பல்லிமுட்டைக் கோது, களிம்பேறிய செம்பு.
"இது வீடு கட்டக்குள்ள போட்டது.
இது அவசரத்தில போட்டது, மூணுமே சிவப்பு.
இது நீங்க இல்லாத காலத்தில ஆரோ இழுத்தது."
நாங்கள் இல்லாத காலம் ஒன்று இருந்ததை
நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு போனார்,
கயிற்றைப் பிடித்து ஆட்டைத் தேடுகிறவர் மாதிரி.
சமையலறை. நடை. பின்சுவர்.
காரைக்குள் ஒரு சாண் போய்
அது முடிந்திருந்தது.
வெளியே கம்பி இல்லை, குழி இல்லை.
"எர்த் மண்ணைத் தொடவே இல்ல, தங்கச்சி."
இருபத்திரண்டு வருடம்.
செருப்பைக் கழற்றிய போதெல்லாம்
இந்த வீட்டுக்கு
நாங்கள்தான் எர்த்.

விலை எழுதிய தாள்
இரண்டு நாள் அரிசி வாளிக்குள் கிடந்தது.
பிறகு சீட்டுக்காசை எடுத்தேன்.
இவருக்குச் சொன்ன தொகை வேறு.

குழி வெட்டினார்கள், பின்பக்கம், குழாயடியில்.
தென்னையா வைக்கிறீர்கள் என்று
வேலிக்கு மேலால் கேட்டா மனோன்மணி ரீச்சர்.
செப்புக் கம்பி இறங்கியது. கரி கொட்டினார்கள்.
"இனி கட்டி உப்பு வேணும், ரெண்டு கிலோ."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
உப்பா? இந்த ஊரில்? காசு கொடுத்தா?
இவ்வளவையும் தின்றது அதுதானே.
"மேல நிண்டா தின்னும்.
கீழ போட்டா ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும்"
என்றபடி வியர்வையைத் துடைத்தார்.

பின்னேரம் புதுப் பெட்டியின் சின்னப் பொத்தானை அமத்த
வீடு முழுக்கக் கறண்ட் போனது.
"விழுந்திட்டுது!" என்று கத்தினாள் ஆரபி.
"விழத்தான் மகள் இது. விழாட்டித்தான் பயம்."
தூக்கிவிட்டார். விசிறி சுற்றத் தொடங்கியது.
ரசீதில் தன் இலக்கத்தையும் எழுதினார்,
பிழை வந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதாக.

இரவு தண்ணீர் எடுக்கப் போனேன்.
கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின.
அதைத் தள்ளிவிட்டு
சீமெந்தில் வெறுங்காலோடு நின்று
புறங்கையால் தொட்டேன்.

குளிர். குளிர் மட்டும்.

உள்ளங்கையைக் கொடுக்க
இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.