நாற்பத்திரண்டாம் நாள்

ஹெசரகட்டா ஷெட்டில் பன்னிரண்டு தடுப்பு.
எதில் செலினியம், எதில் வைட்டமின் ஈ,
எதில் இரண்டும் சேர்த்து,
எதில் வெறும் சோளமும் சோயாவும் என்று
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
தெரிந்தால் விரல் பொய் சொல்லுமாம்.

என் வேலை அமுக்கிப் பார்ப்பது.
எலும்பு நீக்கிய நெஞ்சுத் துண்டை
எஃகு மேசையில் கிடத்தி
கழுத்துப் பக்கம் தொடங்கி நுனிவரை
மூன்று விரலால்.
சுழியம் என்றால் காது மடல்.
ஒன்றில் மேல்பக்கம் மட்டும் லேசாக முறைக்கும்.
இரண்டைச் சொல்லத் தெரியவில்லை,
கை சொல்லிவிடும்.
மூன்று, சப்பாத்திப் பலகை.

நூற்று நாற்பத்து நான்கு துண்டு.
நான் சொல்லச் சொல்ல எழுதும் கெம்பம்மா
'மூரு' என்று திருப்பிச் சொல்வாள்,
வந்து நிற்கும் பஸ்ஸின் நம்பரைப் படிப்பதுபோல.

சிலதில் வெள்ளைக் கோடுகள்.
ஸ்கேல் வைத்து யாரோ இழுத்த மாதிரி கொழுப்பு.
நாற்பது கிராம் குஞ்சு
ஆறே வாரத்தில் இரண்டே முக்கால் கிலோ.
ரத்தம் வந்து சேருமுன்
சதை வந்து சேர்ந்துவிட்டது.

முந்தாநாள் ஏழாம் தடுப்பில்
ஒன்று மல்லாந்து கிடந்தது.
சிறகை உதறியது, புரள முடியவில்லை.
அதன் நெஞ்சே அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.
நிமிர்த்தி வைத்தேன்.
நேரே தீனித் தொட்டிக்கு நடந்தது.
இதை எழுதத்
தாளில் கட்டம் இல்லை.

சாயங்காலம் உறையைப் பிரித்தார்கள்.
வெறும் தீனியில் முப்பத்தாறுக்குப் பதினொன்று மூன்று.
இரண்டும் சேர்த்த தீனியில் ஆறு.
ஏழாம் தடுப்பும் அதில்தான்.

கம்பெனியிலிருந்து வந்த தேவய்யா
கைதட்டப்போனவர்
எடை என்ன ஆச்சு என்றார்.
ஐம்பது கிராம் கம்மி சார்.
தட்ட எழுந்த கை
பேன்ட் பையில் கார் சாவியைத் தேடியது.

ஜாலஹள்ளி கிராஸில் இறங்கினேன்.
வீட்டில் சின்னவன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்கிறான்.
இதாயத் பாய் கடையில் கூட்டமில்லை.
போன்லெஸ் அரைக் கிலோ என்று சொல்லிவிட்டு
கண்ணாடிக்குள் கையை நீட்டினேன்.
'அமுக்கிப் பாக்க இதென்ன தக்காளியாக்கா?'
சிரித்தார். நானும் சிரித்தேன்.
விரல் மட்டும் இரண்டு என்றது.

கால் துண்டாவே போடுங்க பாய்.