நாலு இஞ்ச் பந்து

பெரகலை வளைவுகளை ஏறி முடித்த லொறி
பங்களா வாசலில் இரைத்துக்கொண்டு நின்றது.
பனிக்குள்ளிருந்து நௌஸாத் கத்தினான்:
"கல்லுக்கெல்லாம் தலை சுத்துது, மெதுவா இறக்குங்க!"

நூற்றுப் பன்னிரண்டு குட்டித் தூண்கள்.
வயிறு பெருத்து, கழுத்துச் சிறுத்து,
வைக்கோலில் மூஞ்சி புதைத்து.
பெயர்தான் கல். போன மாசம் வரை மாவு;
வெள்ளைச் சீமெந்து, கல்தூள், ஓர் அச்சு, ஓர் இரவு.
இருபத்தெட்டு நாள் ஆகாததைத் தொடமாட்டார் லயனல் பாஸ்.
சீட்டில் தேதி பார்த்தார்,
விரல் மடக்கி எண்ணினார்,
முப்பத்தொன்று என்றதும்தான் சாரத்தை மடித்துக் கட்டினார்.

செம்மண்ணில் வைத்தால் கறை ஏறும்.
ஏறிய கறை இறங்காது.
சட்டம் போட்டு, அதன்மேல் கொழுந்துச் சாக்கு விரித்து
நிறுத்தினோம்.
அலவாங்கு கிட்டவே வரக்கூடாது.
நீளமான கைப்பிடிக் கல்லை
ஓரத்தில் நிறுத்தித் தூக்க வேண்டும்;
படுக்கையாய்த் தூக்கினால்
தன் பாரத்திலேயே முதுகு முறிந்துவிடும்.
(ஒன்று முறிந்தது. யாரால் என்று
சிவனு இன்னும் சொல்லவில்லை.)

சாந்து வைக்குமுன் தண்ணி காட்டு என்பார் பாஸ்.
காய்ந்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும்,
பிறகு சாந்து வெறும் மணல்.
தூணுக்குள் துருப்பிடிக்காத கம்பி,
மூட்டுக்கு மூட்டு ஒரு சின்ன இடைவெளி,
வெயில் வந்தால் கல்லும் சோம்பல் முறிக்குமாம்.
ஹப்புத்தளையில் வெயிலா என்று சிரித்தோம்.
மட்டம் பிடித்த நூல்கூடத் தெரியாத பனி;
பிறகு நூலெங்கும் துளி கோத்து
நூல் தானே தன்னைக் காட்டிற்று.

பனி விட்ட நேரங்களில்
கீழே பணிய லயம்,
அதில் என் கூரைத் தகரம்,
தகரத்தின் மேல் நான் வைத்த கற்கள்.
அவற்றுக்கு யாரும் வயது பார்க்கவில்லை.

பதினோராம் நாள் தரங்கா மிஸ் வந்தார்.
பையிலிருந்து ஒரு மஞ்சள் பந்தை எடுத்தார்.
நாலு இஞ்ச், மயிரிழை கூடவோ குறையவோ இல்லை.
"இது ஒரு பிள்ளைட தலை" என்றார்.
"எந்த இடைவெளியிலயும் போகக் கூடாது."

ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தார்.
ஒவ்வொன்றிலும் தலை நின்றது.
மூலையில், சுவர் வளைகிற இடத்தில்,
நூலை நான் பிடித்திருந்த இடத்தில்,
ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று.

ஐந்தாம் நம்பர் மலை நெடுக
தேயிலைத் தூருக்குத் தூர் முட்டி
மஞ்சளாய் உருண்டது ஒரு தலை.
சிவனு சிரித்தான்.
மிஸ் சிரிக்கவில்லை.
பாஸ் என்னைப் பார்க்காமல் பீடி தேடினார்.

கைப்பிடிக் கல்லைக் கழற்ற ஒரு பகல்.
பச்சைச் சாந்தை உளியால் கிள்ளி எடுத்து
நாலு தூணை நகர்த்திச் சேர்க்க இன்னொரு பகல்.
பெரிய இடைவெளி எவ்வளவு என்று அளந்தேன்.
கட்டை விரல் அகலம்கூட இல்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய,
ஈரப் பஞ்சால் சாந்துக் கறை துடைத்துக்கொண்டிருந்தேன்.
செடி விலக்கி மேலே வந்தான்
பதினோராம் காம்பிரா டிலக்ஷன்.
மூச்சிரைப்பு. முழங்காலில் சிராய்ப்பு. கையில் பந்து.
"இது ஒங்க பந்தாண்ணே?"

தூணுக்கிடையில் நீட்டினான். வரவில்லை.
அடுத்ததில் அழுத்தினான். வரவில்லை.
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே நடந்தான்,
அச்சாய் மிஸ் நடந்த மாதிரி,
ஆனால் அந்தப் பக்கமாக.
மூலையிலும் வரவில்லை.
வேலை சுத்தம்.

"மேலால எறிடா" என்றேன்.
பந்தைப் பார்த்தான்.
இரு தூண்களுக்கு நடுவே என்னைப் பார்த்தான்.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
இறங்கத் தொடங்கினான், முதலில் மெல்ல,
அப்புறம் ஓட்டமாய்.

மிஸ் கேட்டால்
தேயிலைக்குள் தொலைந்தது என்று
சொல்லிக்கொள்ளலாம்.