அது வேற கேட்

பைபாஸ் ரோட்டுக் கோச்சிங் சென்டரின் ஃப்ளெக்ஸில்
நீலச் சட்டை போட்டு ஒருவன் சிரிக்கிறான்:
லக்ஷ்மீகாந்த், தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.
அண்ணாநகர் சென்டரின் ஃப்ளெக்ஸிலும்
அதே லக்ஷ்மீகாந்த், அதே சட்டை, அதே புள்ளி நான்கு.
காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
ஒரே முகம் பத்துத் தெருவில் நிற்கிற ஊர்தான்.
ஆனாலும் பணம் கட்டுமுன்
ஒரு வார்த்தை கேட்கலாமில்லையா.
"நம்ம பையன் மேடம்" என்றார் இவர்.
"நம்ம பையன்மா" என்றார் அவர்.

கேட் எழுதப்போகிறேன் என்றதும்
பச்சைக் கொடியைச் சுருட்டியபடி அப்பா சிரித்தார்.
சமயநல்லூர் தாண்டி ஒரு கேட்டை
இருபத்திரண்டு வருஷமாய் ஏற்றி இறக்குகிறவர்.
"ஒரு வீட்டுக்கு ஒரு கேட் பத்தாதா?"
அது வேற கேட்பா.
"எஞ்ஜினியருங்க எழுதுறதுல்ல அது?"
ஆபீஸில் முத்தழகர் சார்.
அதுவும் வேற சார்.
பி.காம். முடித்து நாலு வருஷமாய்
டவுன்ஹால் ரோட்டில் மோட்டார் பம்புக்கு
ஜிஎஸ்டி போடுகிறவள் எழுதுகிற கேட்.

டெமோ வகுப்பில் சதவீதம்.
நாற்பது ஏற்றி நாற்பது இறக்கினால்
லாபமா நஷ்டமா?
பதினாறு நஷ்டம் என்றேன், கைதட்டினார்கள்.
வெளியே ஹெப்சிபா மேடம் கால்குலேட்டரைத் தட்டினாள்:
"எண்பத்தஞ்சு. இன்னைக்கு மட்டும்
இருபது பெர்சென்ட் போக அறுபத்தெட்டு."
போன வாரமும் இன்னைக்கு மட்டும்தான்.
ஃப்ளெக்ஸில் பதினோரு முகம்.
மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள்?
"சார் வரட்டும்."
தொகுதி தெரிகிறது,
பகுதியைக் காணோம்.

லக்ஷ்மீகாந்தைக் கண்டுபிடித்தேன்.
காமராஜர் சாலையில்
டூவீலர் லோன் தருகிற கவுண்டரில் இருந்தான்.
ஒரு சென்டரில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதினானாம்,
இன்னொன்றில் ஒரே ஒரு நாள் இன்டர்வியூ பயிற்சி.
படித்தது மாமா வீட்டு மாடிப்படியில்,
விடியக்காலை நாலு மணிக்கு.
சேரலையா?
"கூப்பிட்டாங்க. பொழுதுபோக்கு என்னன்னாங்க.
அப்பப் போனதுதான்."
கையெழுத்துக்கு ஒரு ஃபாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு
"அந்தச் சட்டைகூட அண்ணனோடது" என்றான்.

இனி நானே போட வேண்டிய கணக்கு.
அண்ணாநகரில் பதினாறாயிரம் குறைவு.
விட்டுவர ஆட்டோ நூற்றெண்பது,
வகுப்பு தொண்ணூற்றாறு.
பெருக்கினேன். குறைவு அங்கேயே தீர்ந்தது.
ஆன்லைன் என்றால்
வீட்டில் இருப்பது ஒரே அறை,
அதில் தம்பி, டிவி, அம்மாவின் தையல் மெஷின்.
பைபாஸ் வகுப்பு எட்டரைக்கு முடியும்,
ஆரப்பாளையத்தில் கடைசி வண்டி ஒன்பது பத்து,
விரசாய் நடந்தால் பிடித்துவிடலாம்.
ஒன்றுதான் இடித்தது:
மூன்றாம் மாடி லேடீஸ் டாய்லெட்டின் சாவி
கீழே ஜெராக்ஸ் கடையில்.
கடையை ஏழு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

"அந்தச் சாவிக்கு ஒரு காப்பி போட்டுத் தந்தால்
இன்றைக்கே சேர்கிறேன்" என்றேன்.
ஹெப்சிபா சிரிக்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு,
கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு,
"ரெண்டு போடுவோம்" என்றாள்.
"மூணு வருஷமா ஆறு மணிக்கு மேல
நான் தண்ணியே குடிக்கிறதில்ல."
காளவாசலில் சாவிக்காரர்
இரண்டுக்கும் சேர்த்து நூற்றிருபது கேட்டார்.
நூறுக்கு முடித்தாள் அவள்.
எண்பத்தஞ்சு எப்படி அறுபத்தெட்டு ஆனது என்று
அப்போது புரிந்தது.

முதல் நாள் இரவு.
ஊர் எட்டக் கொஞ்சம் இருக்கையில்
அப்பாவின் கேட்டில் வண்டி நின்றது.
நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
புத்தகத்தைத் திறந்தேன்:
ஐந்நூறு மீட்டர் ரயில்,
மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
கம்பத்தின் அருகே நிற்கும் ஒருவரைக் கடக்க
எத்தனை விநாடி?
இருபது, என்று எழுதினேன்.
பின் ஸீட்டில் யாரோ
கேட்காரரைத் திட்டினார்கள்,
எட்டு நிமிஷமாய்.