எட்டாம் எண் வண்டி

புர்னோவில் டிராம் ஓட்டுகிறவள் நான்.
பனி நாட்களில் தண்டவாளத்தில் மணல் தூவியபடி போவேன்.
அதனால்தான் ரட்மிலா சொன்னது
சட்டென்று பிடிபட்டது:
மூளைச் செல்கள் பிறப்பது நடுவில்,
வேலை விளிம்பில்.
நூலிழைத் தண்டவாளம் ஒன்றைத் தொற்றிக்கொண்டு
ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர வேண்டும்.

என் க்விடோவுக்குள்
ஒரு கூட்டம் கிளம்பவே இல்லை.
பணிமனையிலேயே நின்றுவிட்டது.
பதினேழு வருஷம்,
அவன் பல்லைக் கடித்து விழும்போதெல்லாம்
நான் மல்லுக்கு நின்றது அந்தக் கூட்டத்தோடு.

அவன் புஜத்தில் மிளகளவு தோல் எடுத்தார்கள்.
தான் தோல் என்பதையே அதற்கு மறக்கடித்து
மூளையாக முளைக்க விட்டார்களாம்.
இன்று எழுபத்தோராம் நாள்.
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில், ஆடும் தட்டில்,
இளஞ்சிவப்பு நீருக்குள்
வெளிறிய பருப்புகள்.
"இது யோசிக்குமா?"
"யோசிக்காது" என்றாள் ரட்மிலா.
பிறகு, "எங்களுக்குத் தெரிந்தவரை."
அந்த இரண்டாவது பதிலுக்காக அவளைப் பிடித்துப்போயிற்று.

பக்கத்து அறையில் போர்ஷெக்,
சட்டையில் கடுகு சாஸ் கறை.
அவனிடம் செல்லும் இல்லை, நீரும் இல்லை.
திரை நிறையப் புள்ளிகள்,
ஒவ்வொன்றுக்கும் விதி: பிடி, நகர், விடு.
க்விடோவின் ஓர் எழுத்துப் பிழையை உள்ளே போட்டான்.
நடுவிலேயே மொய்த்து நின்றன.
"பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால்..."
ஓர் எண்ணை மாற்றினான்.
புறப்பட்டுவிட்டன.
காலை நெரிசலை நான் ரசித்தது
இந்த ஒருமுறைதான்.
எல்லாம் விளிம்பில் இறங்கின, ஒன்று விடாமல்.

"தட்டில் இருப்பவை?"
"மூன்று முறை செய்தோம். ஒருமுறை நகர்ந்தன."
"என் பையன்?"
ரட்மிலா கையுறையைக் கழற்றி மடித்தாள்.
குப்பைக்குப் போகும் கையுறையை யார் மடிப்பார்கள்?
"அது கட்டி முடித்த ஊர்" என்றாள்.
"தண்டவாளங்களை எப்போதோ பெயர்த்தாயிற்று."

தாழ்வாரத்தில் க்விடோ
சாக்லேட் இயந்திரத்தைக் குத்திக்கொண்டிருந்தான்.
காசை விழுங்கிவிட்டதாம்.
"பார்த்தாயா என்னை? எப்படி இருக்கிறேன்?"
"பருப்பு மாதிரி."
"என்னைவிடப் புத்திசாலியா?"
"காசையாவது தொலைப்பதில்லை."
சிரித்தான். இன்னொரு குத்து. விழுந்தது,
அவன் கேட்காத வேறொரு சாக்லேட்.

அன்றிரவு கடைசி ஓட்டம்.
முனையத்தில் விளக்கணைக்கப் போனால்
பின் இருக்கையில் ஒருவர்
இறங்க வேண்டிய இடம் தாண்டியும் தூங்குகிறார்.
வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி.
கத்தித்தான் எழுப்புவேன்.

ஹீட்டரை ஓடவிட்டு
நான்கு நிமிடம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுப்பினேன்.
கால அட்டவணை என்று ஒன்று இருக்கிறதே.