உயிருள்ள பொருள்

பார்சலின் மேல் ஆரஞ்சு நிறச் சீட்டு:
உயிருள்ள பொருள், குளிரில் வைக்கவும்.
முகவரி என்னுடையது.
பதினோரு ஆண்டுகளாக ஸ்னேக் நகரத்தின் தபால்களைச் சுமக்கிறேன்,
என் வீட்டு மணியை நானே அடித்தது அன்றுதான்.

ஜூனில் செம்பு நிற வண்டுகள்
ரோஜாவைச் சுற்றித் தாழப் பறந்தபோது
அழகாயிருக்கிறதே என்று படமெடுத்து
அக்காவுக்கு அனுப்பினேன்.
ஆகஸ்டு கடைசியில் புல்தரையில் ஒரு தட்டளவு மஞ்சள்.
பிறகு மேசை விரிப்பளவு.
தண்ணீர் போதவில்லை என்றான் ஓன்னோ.
ஊற்றினோம்.
மஞ்சள் வளர்ந்தது.

ஒரு விடியலில் காகங்கள்
புல்லைச் சுருட்டிக்கொண்டிருந்தன,
வீடு காலி செய்கிறவர்களின் அவசரத்தோடு.
ஓரத்தைப் பிடித்து நானும் இழுத்தேன்.
ஒரு பிடிமானமும் இல்லாமல் வந்தது.
அடியில், வேர் இருக்க வேண்டிய இடத்தில்
கொக்கி கொக்கியாய் வெள்ளைப் புழுக்கள்,
பழுப்புத் தலை, முன்பக்கம் ஆறு கால்.
வெளிச்சம் பட்டதும் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டன,
போர்வை பறிபோன பிள்ளைகள் மாதிரி.
ஒரு சதுர அடியில் பதினேழு.
எண்ணி முடித்துக் கை கழுவினேன்.
படுக்கும் முன் மறுபடி கழுவினேன்.

"வறட்சியா?" என்றார் வேலிக்கு அப்பால் வீப்ரன்.
"வறட்சிதான்" என்றேன்.
புல்லின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் திருத்துகிற தெரு இது.
இங்கே புழு என்பது
கடன் மாதிரி.

பொட்டலத்துக்குள் ஐந்து கோடி நூற்புழுக்கள்.
பார்க்க ஈர மாவு.
வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஈஸ்ட் என்று நினைத்து ஓன்னோ
ரொட்டிக்கு எடுத்துவிட்டான்,
கரண்டி உள்ளே போகும் முன் அலறினேன்.
வியாழனுக்குள் பயன்படுத்த வேண்டும்.
வெயில் ஆகாது, மண் நனைந்திருக்க வேண்டும்,
கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும்.
இவை அவற்றின் உடலுக்குள் நுழையுமாம்,
உள்ளிருந்தே தின்னுமாம்.
தபால்காரிக்கு இதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது,
சேர்ப்பிப்பதுதான் வேலை.

புதன்கிழமை என் பையில்
நான்கு ஆரஞ்சுச் சீட்டுகள்.
பதினான்காம் எண், இருபத்திரண்டு,
மூலையில் பல் மருத்துவர் ஆல்கே,
ஒன்பது: வீப்ரன்.
கதவைத் திறந்தவர் பொட்டலத்தை
வாங்கிய கையோடு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.
"புத்தகம்."
"நல்ல புத்தகமாக இருக்கட்டும்" என்றேன்.
"ஃபிரிட்ஜில் வையுங்கள்."
அவர் காதுகள் சிவந்தன.
தபால் ரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்தவள்,
ஓன்னோவிடம்கூடச் சொல்லவில்லை.

வியாழன் இரவு பத்து மணி. விளக்குப் போடவில்லை.
பூவாளியோடு தோட்டத்தில் இறங்கினேன்.
நான் நிறுத்திய பிறகும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பூவாளி.
அதற்கும் அப்பால் இன்னொன்று.
இருட்டில் யாரோ தும்மினார்கள்,
பல் மருத்துவராக இருக்கலாம்.
யாரும் யாருக்கும் "நலமா" சொல்லவில்லை.
தெரு முழுக்க மழை, வானத்தில் நட்சத்திரங்கள்.
நான் குச்சியால் கலக்கினேன்,
விட்டால் அடியில் தங்கிவிடும்.

மூன்று வாரம் கழித்து அதே சதுர அடியைத் தூக்கிப் பார்த்தேன்.
செங்கல் நிறத்தில் நான்கு, தொட்டால் கூழ்.
மற்றவை எங்கே போயினவோ.
ஒன்று மட்டும் வெள்ளையாக,
கொழுத்து, முழு உயிரோடு.
கொட்டகைக் கூரையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.
அதைப் பார்த்தேன்.
புல்லை மூடாமல்
உள்ளே போய்த் தேநீர் போட்டேன்.