ஒப்புக்கு ஒரு உறை

அகராதியில் அந்தச் சொல்லுக்கு
அடுத்தடுத்து இரண்டு வீடு.
முதல் வீட்டில் பொய், போலி, பாசாங்கு.
சுவரை ஒட்டினாற்போல் அடுத்ததில்
தலையணைக்கு மேல் போடும் அலங்கார உறை.

ஷாம்.

ஓர்ஃபா ஸ்விக்கர் இரண்டாவது வீட்டுக்கு மட்டும்தான்
போய்வருகிறவள்.

லூனன்பர்க் துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில்
மஞ்சள் பலகை வீடு.
காலையில் விரிப்பை இழுத்துவிட்டு
கஞ்சி போட்ட இரண்டு ஷாம்களைத்
தலைமாட்டில் சாய்த்து நிறுத்துவாள்.
இடதுபக்கம் அவளுடையது, வலதுபக்கம் எல்ரிட்டுடையது.
இரண்டிலும் வெள்ளை நூலில் காட்டுரோஜா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் நாத்தனார் வெல்டா
கோட்டைக் கழற்றிப்போட அந்த அறைக்குத்தான் போவாள்.
"உங்கள் கட்டிலுக்கு என்ன லட்சணம்!" என்பாள்,
வாரம் தவறாமல்.

எல்ரிட்டின் உறைக்குள் தலையணை கிடையாது.
ஒன்பது வருஷமாக அது கீழே சோபாவில்.
அவனும்தான்.
உள்ளே இரண்டு பழைய துண்டு,
முழங்கை கிழிந்ததென்று அவன் தூக்கிப்போட்ட ஸ்வெட்டர்.

சண்டையெல்லாம் இல்லை.
இருமல் என்று சொல்லிக் கீழே இறங்கினான்.
இருமல் அந்த ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.
படி மட்டும்
ஏறுவதற்கு உயரமாகிவிட்டது.

இரவானால் அவளுடையது நாற்காலிக்குப் போய்விடும்.
அவனுடையது அங்கேயே நிற்கும்.
எண்ணெய்த் தலை பட்டதில்லை, எச்சில் பட்டதில்லை,
ஒரு கெட்ட கனவுகூடப் பட்டதில்லை.
ஒப்புக்கு வைத்ததுதான் அந்த வீட்டில்
ஓய்வே இல்லாமல் உழைத்தது.

பிப்ரவரியில் கடற்காற்று மின்கம்பிகளை அறுத்த இரவு
ஹீட்டர் செத்துப்போனது.
மூன்றாம் சாமத்தில்
படியில் கம்பளிக் காலுறையின் சத்தம்.
அவள் தூங்குகிறவள்போல் கிடந்தாள்
(முதல் வீட்டுக்கும் அவளுக்கும்
போக்குவரத்து உண்டுதான்).
இருட்டில் அவன் எதுவும் கேட்கவில்லை,
எதையும் கழற்றவில்லை.
தலையைச் சாய்த்தான்.
தன்னுடைய ஸ்வெட்டர் என்று தெரிந்திருக்காது.

காலையில், கேம்ப் அடுப்பில் வைத்த காபிக்கு அந்தப் பக்கம்
ரொட்டிக்கு மொலாசஸ் தடவிக்கொண்டிருந்தான்.
வலது கன்னத்தில் சிவப்பாய் ஐந்து இதழ், ஓர் இலை,
காம்பில் அவள் என்றோ
தப்பாய்ப் போட்ட தையல்வரை.

"மத்தியானத்துக்குள் மின்சாரம் வந்துவிடுமாம்."

"வரட்டும், என்ன அவசரம்?"

கன்னத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அன்று ஞாயிறு.
பனியை மிதித்துக்கொண்டு வெல்டா வந்தாள்,
கோட்டோடு மாடிக்குப் போனாள்,
கோட்டோடே இறங்கி வந்தாள்.
கட்டிலின் லட்சணம் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.